பீலி அணிந்த வேலும் நுனி முறிந்த வேலும்

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் ஔவையார் நிற்கிறார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடமிருந்து தூது வந்தவர் அவர். அவருக்குத் தொண்டைமான் தன் கொட்டிலைக் காட்ட, அதைப் பார்த்துப் பாடியது இது என்று புறநானூற்றின் 95ஆம் பாட்டோடு வரும் பழைய குறிப்பு சொல்கிறது. ஏன் காட்டினான் என்று குறிப்பில் இல்லை. சிலர் புது வீடு கட்டியதும், நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் மாடிக்குக் கூட்டிப்போய் டைல்ஸ் விலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தனியாகச் சொல்ல வேண்டாம்.

பாட்டு ஒன்பதே அடி. இங்கே இருப்பவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, திரண்ட காம்பெல்லாம் செம்மை செய்யப்பட்டு, நெய் பூசிக்கொண்டு, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அங்கே உள்ளவையோ பகைவரைக் குத்திக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து, கொல்லனின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றன. யாருடைய வேல்கள் அவை? உணவு இருந்தால் மற்றவர்களுக்குக் கொடுத்து, இல்லாத நாளில் இருப்பதை அவர்களோடு சேர்ந்து உண்ணும் எங்கள் தலைவனுடையவை. அவ்வளவுதான் பாட்டு. ‘எங்கள் அரசன் உன்னைவிடப் பெரிய வீரன்’ என்று ஒரு சொல் கிடையாது.

பள்ளியில் இதைப் புகழ்வதுபோல் இகழ்தல் என்று நடத்துவார்கள். நாமும் இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். பிறகு பல வருடம் கழித்து இதைத் திரும்பப் படித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது அந்த இரண்டு கட்டடங்கள்தான். தொண்டைமானின் ‘வியன்நகர்’ ஆள் கூட்டிவந்து காட்டுவதற்கான இடம். கொல்லனின் ‘குற்றில்’ அப்படி இல்லை. விருந்தாளியை யாரும் பட்டறைக்கு அழைத்துப்போய் உடைந்த சாமானைக் காட்டுவதில்லை. பட்டறையில் கிடக்கிற வேலுக்குப் பார்வையாளர் தேவைப்படவில்லை. பீலி கட்டின வேலுக்கோ பார்வையாளர் வராத நாளில் வேலையே இல்லை.

ஔவை ஒரு பக்கத்து ஆள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதியமானின் சோறு உண்டவர். அவனுக்காகப் பேசப் போனவர். முறிந்த வேலையும் சொல்லால் எடுத்துவந்து காட்டத்தானே செய்கிறார்? காயத்தையும் தழும்பையும் காட்டிப் பீற்றிக்கொள்பவர்களை நாம் பார்த்ததில்லையா? ஆக, வேலை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அது யாருடைய கண்ணை நம்பி நிற்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பேச்சு இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது. பகட்டுக்குத்தான் நம்மிடம் எத்தனை சொற்கள்! பந்தா பண்ணுகிறான், சீன் போடுகிறான், படம் காட்டுகிறான், பவிசு காட்டுகிறாள், ஜம்பம் அடிக்கிறார், அலப்பறை கொடுக்கிறார்கள். ஒட்டிவரும் வினைகளைப் பாருங்கள்: பண்ணுவது, போடுவது, காட்டுவது, அடிப்பது. அத்தனையும் கூத்துமேடை வேலை, எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். துணிவுக்கும் தெம்புக்கும் நிதானத்துக்கும் ‘இருக்கிறது’ என்ற ஒரு சொல் போதும். ‘அவளுக்குள்ளே ஒரு தெம்பு இருக்கு’ என்போம். ‘தெம்பு போடுறா’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கெத்து மட்டும் இரண்டு கரையிலும் கால் வைத்திருக்கிற சொல். ‘கெத்து காட்டுறான்’ என்றால் ஒரு பொருள், ‘கெத்தா இருக்கான்’ என்றால் வேறு பொருள். டீக்கடை வாசலில் நிற்கும் பையன்கள் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை.

குழப்பிக்கொண்டது போலத் தெரிபவர் வள்ளுவர்தான். ‘பெருமிதம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அது எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கிலிருந்து பிறப்பது. நல்ல சொல்தான். குறளில் 431இலும் அப்படியே வருகிறது: செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவர்களின் செல்வம் ‘பெருமித நீர்த்து’. ஆனால் 979க்கு வந்தால், ‘பெருமை பெருமிதம் இன்மை, சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்’ என்கிறார். அங்கே உயர்ந்தவர்களின் அடையாளமாக இருந்த சொல் இங்கே சின்னவர்களின் குணமாகிவிட்டது. உரைகாரர்கள் இந்த இடத்தில் பெருமிதத்துக்குத் தருக்கு என்றோ செருக்கு என்றோ பொருள் கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தவறில்லை. எனக்கு என்னவோ அந்த ‘ஊர்ந்து’ என்ற சொல்லில்தான் கண் நிற்கிறது. குதிரை ஊர்வதும் தேர் ஊர்வதும் அதே வினைதான். ஒருவர் செய்த காரியத்திலிருந்து தானாகச் சுரக்கும் நிறைவு ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து தெருத்தெருவாகப் போவது இன்னொன்று. உணர்ச்சி ஒன்றாகவே இருக்கலாம், அதை ஒருவர் வாகனமாக்கிக்கொள்வதுதான் வேறுபாடு. இது என் வாசிப்பு, புலவர்கள் மறுக்கலாம்.

அதற்கு முந்தைய குறளில் இன்னும் அழகான சொல் ஒன்று இருக்கிறது. ‘பணியுமாம் என்றும் பெருமை, சிறுமை அணியுமாம் தன்னை வியந்து.’ அணியும்! தொண்டைமானின் வேல் பீலி ‘அணிந்தது’, நெய் ‘அணிந்தது’. சிறுமை தன்னைத்தானே அலங்கரித்துக்கொள்கிறது. ஊருக்குள் நுழையும்போது சாலை முனையில் நிற்கும் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பேனர்களை நினைத்துக்கொண்டால் இந்தக் குறளுக்குத் தனி உரை வேண்டியதில்லை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒருவர், கூலிங் கிளாஸோடு போனில் பேசிக்கொண்டிருப்பார். கீழே தபால்தலை அளவில் முப்பது முகங்கள், ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’. வாழ்த்துகிற நெஞ்சங்கள்தான் காசு போட்டிருக்க வேண்டும். அச்சடித்த கடையில் கேட்டால் பல சமயம் நடுவில் நிற்பவரே கொடுத்திருப்பார். சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகவே இது எப்போதும் இருப்பதில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் உயிரை விட்டார்.

இதையெல்லாம் வைத்துப் பகட்டு என்றால் சத்தம், தன்னம்பிக்கை என்றால் அமைதி என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ‘நிறைகுடம் தளும்பாது’ என்று பழமொழியையும் துணைக்கு அழைப்பார்கள். ஔவையிடம் அது செல்லாது. அவர் தளும்புவார். அதே அதியமான் ஒருமுறை பரிசில் கொடுக்காமல் நாள் கடத்தியபோது வாயில்காவலனிடம் அவர் பாடியது புறநானூற்று 206ஆம் பாட்டு. ‘நெடுமான் அஞ்சி தன்னை அறியானா? இல்லை, என்னை அறியானா?’ என்று கேட்கிறார். அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லாம் செத்து உலகம் ஒன்றும் காலியாகிவிடவில்லை என்கிறார். யாழைக் காவடியில் தூக்கியாயிற்று, மூட்டையைக் கட்டியாயிற்று, ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று கிளம்புகிறார். இன்று ஓர் அலுவலக வாசலில் ஒருவர் இப்படிப் பேசினால் ‘என்ன தலைக்கனம்’ என்போம்.

ஆனால் அந்தப் பேச்சு எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசி அடிக்கு முன்னால் ஓர் உவமை வருகிறது: மரம் வெட்டும் தச்சனின் ‘கைவல் சிறாஅர்’ கோடரியோடு காட்டுக்குள் போவதைப் போல. தொழில் கைவந்த பிள்ளைகள் அவர்கள். கையில் கோடரி, எதிரே காடு முழுக்க மரம். அந்தப் பையனுக்குப் பிழைப்பைப் பற்றி என்ன பயம்? ஔவையின் அத்தனை வீறாப்பும் அந்தக் கையிலிருந்து வருகிறது. பரம்பரையையோ, பழைய பரிசுகளையோ, தனக்கு யார் யாரைத் தெரியும் என்பதையோ அவர் இழுக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் தன்னால் பாட முடியும். பாடினால் சோறு உண்டு.

எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருந்தார். நிலை, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார். அவருடைய உளிகளில் ஒன்று தீட்டித் தீட்டி விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கச் சொன்னால் ‘இது பழகின கை’ என்பார். நான் அவரிடம் கவனித்தது ஒன்றுதான். கதவு சரியாக உட்காரவில்லை என்று யாராவது வந்து சொன்னால், அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் ‘எங்க?’ என்பதாக இருக்கும். உடனே எழுந்துபோய்க் குனிந்து பார்ப்பார். தப்பு தன்னுடையது என்றால் இழைப்புளியை எடுப்பார். மரம் ஈரத்தில் உப்பியிருந்தால், ‘மழை நிக்கட்டும், தானா சரியாயிடும், காசு செலவழிக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அதே தெருவில் இன்னொருவரும் அதே தொழில் செய்தார். கடை வாசலில் பெரிய போர்டு, பார்வையாக இருக்கும். அவரிடம் குறை சொல்லப் போனால் ‘எனக்கே சொல்லித் தர்றீங்களா?’ என்பார். வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். பல சமயம் முதலாமவரைவிட நேர்த்தியாகவே இருக்கும். அவருக்குக் கதவைச் சொன்னால் தன்னைச் சொன்ன மாதிரி.

‘எங்க?’ என்ற அந்தக் கேள்வியை உளவியலாளர்களும் தங்கள் வழியில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிராட் புஷ்மன், ராய் பௌமைஸ்டர் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, சிலருக்கு ‘நான் படித்ததிலேயே மிக மோசமான கட்டுரைகளில் ஒன்று’ என்று குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு போட்டி விளையாட்டில், அந்தக் குறிப்பை எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆளின் காதில் காட்டுக்கூச்சலான ஓர் ஒலியைப் பாய்ச்சும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது அவர்கள் இஷ்டம். தற்காதல் அதிகமுள்ளவர்கள்தான் திட்டு வாங்கியதும் சத்தத்தைக் கூடுதலாக முறுக்கினார்கள். ஒருவருடைய சுயமதிப்பு எவ்வளவு என்பதற்கும் அந்த முறுக்கலுக்கும் தொடர்பு தெரியவில்லை. தன்னை மதிப்பதும் தன்மேல் காதல் கொள்வதும் ஒரே தண்டவாளத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டிகள் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள்: சுயமதிப்பு அளவு மீறினால் தற்காதல் என்பதாக. அப்படியில்லை, இரண்டும் வேறு வண்டிகள் என்று தெரிய ஆரம்பித்தது.

சுயமதிப்பை அளக்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிற பத்து வாக்கியங்களை 1965இல் எழுதியவர் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பெர்க். அவற்றில் ஒன்றின் சாரம்: நான் மதிப்புள்ள ஆள், குறைந்தது மற்றவர்களுக்குச் சமமாகவாவது. ‘மற்றவர்களைவிட’ என்ற சொல் அதில் இல்லை. சுயமதிப்பு என்று தான் கருதுவது ‘நான் உசத்தி’ என்ற நினைப்பை இல்லை, ‘நான் போதும்’ என்ற நினைப்பை என்று ரோசன்பெர்க் அப்போதே பிரித்துச் சொல்லியிருந்தார். கணியன் பூங்குன்றனார் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று சொன்ன இடமும் ஏறக்குறைய அதுதான். அண்ணாந்தும் பார்க்க வேண்டாம், குனிந்தும் பார்க்க வேண்டாம்.

இந்த வேறுபாடு தெரியாமல் அரசாங்கமே இறங்கிய கதையும் உண்டு. 1986இல் கலிஃபோர்னியா மாநிலம், ஜான் வாஸ்கான்செல்லோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால், மக்களின் சுயமதிப்பை உயர்த்தினால் குற்றம், போதை, படிப்பில் தோல்வி எல்லாம் குறையும் என்று நம்பி ஒரு குழுவை அமைத்தது. பள்ளிக்கூடங்களில் ‘நீ அற்புதம்’ என்று சொல்வது பாடத்திட்டம்போலவே ஆனது. 2003இல் பௌமைஸ்டரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தபோது, சுயமதிப்பு உயர்ந்ததால் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை. நன்றாகப் படித்ததால் சுயமதிப்பு கொஞ்சம் உயர்ந்திருக்கலாம் என்பதற்குத்தான் இடம் இருந்தது. தச்சன் மகனிடம் கேட்டிருந்தால் கோடரி முதலில், தெம்பு பிறகு என்று சொல்லியிருப்பான்.

வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு ஒன்று 2015இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. ஏழு வயது முதல் பதினொரு வயது வரையிலான 565 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை விசாரித்தார்கள். ‘என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட விசேஷமானது, கூடுதல் சலுகைக்கு உரியது’ என்று நினைக்கும் பெற்றோரின் குழந்தைகளிடம் பின்னாளில் தற்காதல் கூடியிருந்தது. சுயமதிப்பு கூடியது யாரிடம்? பெற்றோரின் அன்பை உணர்ந்த குழந்தைகளிடம். பாராட்டில் ஒப்பீடு கலந்திருக்கிறது, அன்பில் அது இல்லை. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே தம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம். ‘எங்க கண்ணு மாதிரி இந்தத் தெருவிலேயே யாரும் கிடையாது’ என்று கொஞ்சும்போது, தெருவில் வேறு யாராவது வந்துவிட்டால் தன் கதி என்ன என்ற பயத்தையும் சேர்த்தே ஊட்டுகிறோம். பகட்டின் அடியில் எப்போதும் ஒரு பயம் உட்கார்ந்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். விழாவில் தன் நாற்காலி இரண்டாவது வரிசையில் போடப்பட்டதற்காகச் சாப்பிடாமல் கிளம்பிப்போகும் பெரியவர்களைப் பாருங்கள். நாற்காலியோடு சேர்ந்து ஆளும் நகர்ந்துவிடுகிறார்.

தற்காதலை அளக்க உளவியலாளர்கள் வைத்திருக்கும் நாற்பது கேள்விப் பட்டியல் ஒன்றில் கண்ணாடியும் வருகிறது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வது பிடிக்குமா, அதில் பெரிய ஆர்வமில்லையா, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடிக்கும் என்றால் தற்காதல் கணக்கில் ஒரு புள்ளி. இதைப் படித்த அன்று எனக்குச் சாமித்தோப்பு நினைவுக்கு வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது சாமித்தோப்பு. அய்யாவழி என்ற வழிபாட்டு நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி. அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடங்களான பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும், கருவறை போன்ற பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடி இருக்கும். கும்பிட நிற்பவர் தன் முகத்தையே பார்த்துக் கும்பிடுவார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்தபோது உருவான வழக்கம் இது. அன்றைக்கு அங்கே நாடார்கள் உள்ளிட்ட சாதியினர் தலையில் துண்டு கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. பெண்கள் மார்பை மேலாடையால் மறைப்பதே குற்றம். வைகுண்டருக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள் என்றும், இவர்களுக்கு முடியென்ன, சூடலென்ன என்று மேல்சாதியினர் கிளப்பிய எதிர்ப்பில் அது முத்துக்குட்டி ஆனதென்றும் சொல்வார்கள். ஒரு பெயரே திமிராகப்பட்ட காலம்.

தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் கலவரம் நடந்து, சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவில்யனின் நெருக்குதலும் சேர்ந்து, 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மகாராஜா அறிவித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. வைகுண்டர் அதைப் பார்க்க இல்லை. 1851லேயே மறைந்துவிட்டார்.

அந்த ஊரில், அந்த நாளில், வேறெந்த மேடையிலும் தலையில் துணி கட்டக் கூடாத ஒருவர் தலைப்பாகையோடு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடப் பெரிய பகட்டு என்ன இருக்க முடியும்? தன்னையே அலங்கரித்து, தன்னையே பார்த்து, தன்னையே கும்பிட்டுக்கொள்வது! கேள்விப்பட்டியலில் புள்ளி போட வேண்டியதுதான். ஆனால் அதுவரை அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது ஊரின் கண்ணாடியில். அதில் தெரிந்தது குனிந்த ஓர் உருவம். இந்தக் கண்ணாடியில் முதுகு நேராக ஒரு மனிதன் தெரிகிறான். தொண்டைமான் கொட்டிலில் பீலி கட்டியது இல்லாத உழைப்பை இருப்பதாகக் காட்ட. இங்கே தலைப்பாகை கட்டியது இருக்கிற மனிதனை இல்லையென்று சொன்னவர்களுக்குப் பதில்.

அதனால் ஒருவரைப் பகட்டுக்காரர் என்று சொல்லும்போது சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. திமிர், கொழுப்பு, எகத்தாளம் போன்ற சொற்களெல்லாம் நம் ஊரில் பெரும்பாலும் மேலிருந்து கீழே விழுபவை. பண்ணையார் வண்டி கட்டிப்போனால் மிடுக்கு. அதே தெருவில் கூலிக்காரர் மகன் பைக்கில் போனால் திமிர். நாதஸ்வரம் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கோட்டும் ஷெர்வானியும் போட்டுக்கொண்டு, கிராப் வைத்து, மேடையில் உட்கார்ந்து வாசித்ததைக் கர்வம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். மேல்சட்டை இல்லாமல் இடுப்பில் துண்டோடு நின்று ஊதியாக வேண்டிய ஒரு தொழிலிலிருந்து வந்தவர் அவர். ஆடம்பரத்தில் அவருக்கு ஆசையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை; இருந்தது. ஆனால் கோட்டைக் கழற்றிவிட்டாலும் அவர் பேர்போன அந்தத் தோடி ராகம் அங்கேயே இருந்திருக்கும். பாரதி புதுமைப் பெண்ணுக்குத் ‘திமிர்ந்த ஞானச் செருக்கு’ கொடுத்தபோது, திமிர், செருக்கு என்ற இரண்டு வசைச் சொற்களுக்கு நடுவே ஞானத்தை வைத்துத் தைத்தார். தமிழில் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் இருக்கிறது. பணிவைப் பகட்டாக அணிவது. வேட்டியின் கிழிசலை வெளியே தெரிகிற மாதிரி மடித்துக் கட்டுவது, ‘நான் ரொம்ப சிம்பிள்’ என்று ஒரு கூட்டத்தில் மூன்று தடவை சொல்வது. இதைப் பற்றி நீட்ட வேண்டாம், எல்லோருக்கும் இப்படி நாலு பேரைத் தெரியும்.

கூடவே, எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடாத ஒரு காட்சியும் புறநானூற்றிலேயே உண்டு. பெருஞ்சித்திரனார் கடுமையான வறுமையில் இருந்த புலவர். ஆனாலும் அதியமான் நேரில் பார்க்காமல் கொடுத்தனுப்பிய பரிசிலை ‘யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று திருப்பிவிட்டவர் (208). குமணனிடம் பெற்ற செல்வத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ‘என்னைக் கேட்காதே, யாருக்கு வேண்டுமானாலும் கொடு’ என்று மனைவியிடம் சொன்னவரும் அவர்தான் (163). வள்ளுவர் பிற்பாடு ‘பெருக்கத்து வேண்டும் பணிதல், சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு’ என்று எழுதியதற்கு நடமாடும் உதாரணம் போல இருக்கிறார்.

இவர் வெளிமான் என்ற தலைவனின் தம்பி இளவெளிமானிடம் போகிறார். அவன் ஏதோ கொஞ்சம் கொடுக்கிறான். வாங்காமல் குமணனிடம் போய் ஒரு யானையைப் பெறுகிறார். அதை ஓட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இளவெளிமானின் ஊருக்குத் திரும்பி வந்து, ஊரின் காவல்மரம் வருந்தும்படி யானையை அதில் கட்டிவிட்டுப் பாடுகிறார்: இரவலர்களைக் காப்பவன் நீ இல்லை; அதற்காக இரவலர்களைக் காப்பவர்களே இல்லாமலும் போய்விடவில்லை; கேட்பவர்கள் இருப்பதையும் பார், கொடுப்பவர்கள் இருப்பதையும் பார் (162).

‘காண் இனி, காண் இனி’ என்று இரண்டு தடவை வருகிறது. பார், பார் என்பதுதானே பகட்டின் தாய்மொழி? ஆண் யானைக்குத் தமிழில் பகடு என்றும் பெயர் உண்டு. அன்று அந்த மரத்தில் கட்டியிருந்தது பகடா பகட்டா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. காயம்பட்ட ஆள்தான் இப்படிச் செய்வார். காயம்படாதவருக்கு யானையைக் கட்டிக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? அதேசமயம் அவர் கேட்டது தனக்கான மரியாதை மட்டுமில்லை, தன்னைப்போல வாசல் வாசலாக நிற்கும் எல்லா இரவலர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

ஒரே ஒரு தடயம் இருக்கிறது. பாட்டின் கடைசி இரண்டு சொற்கள் ‘செல்வல் யானே’. நான் கிளம்புகிறேன். யானையைப் பார்த்து இளவெளிமானின் முகம் எப்படி மாறியது என்று நின்று பார்க்க அவர் காத்திருக்கவில்லை.